மாணவர் திரைப்பட முன்னோட்டமும் படத்தொகுப்பும்: பாயா ரும்புட் வட்டாரத்தை முன்வைத்துச் சில கருத்துகள்

பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் திரைக்கலையும் பல்லூடகமும் பயிலும் நம் மாணவர்கள் இறுதியாண்டில் ஒரு குறும்படம் எடுக்கின்றனர். பதினைந்து அல்லது இருபது நிமிடம் ஓடும் அப்படத்தைத் தேர்வாளர்கள் பார்க்கின்றனர், குடும்பத்தார் பார்க்கின்றனர், வாய்ப்பிருப்பின் ஏதேனும் ஒரு விழாவில் ஒருமுறை திரையிடப்படுகின்றது. அதன்பின் படம் வன்தட்டில் உறங்கிவிடுகின்றது. ஆனால் அதே படத்திற்காக இறுதி வாரத்தில், பெரும்பாலும் இறுதி இரவில், அவசரமாகத் தொகுக்கப்படும் ஒன்றரை நிமிட முன்னோட்டமோ கைப்பேசிக்குக் கைப்பேசி பயணம் செய்கின்றது. முழுப்படத்தைக் காணாத பலர் முன்னோட்டத்தை மட்டும் காண்கின்றனர். ஆகவே, மாணவர் படத்தைப் பொறுத்தவரை முன்னோட்டம் என்பது விளம்பரம் மட்டும் அன்று. பலருக்கு அதுவே படம். அதில் ஒரு தோட்டமும் அத்தோட்டத்து மக்களும் இடம்பெறுவராயின், அவர்களைப் பற்றி வெளியுலகம் அறியப்போவதும் அவ்வொன்றரை நிமிடத்தில் உள்ளதையே. இதனைக் கருத்திற்கொண்டு முன்னோட்டத்தைத் தொகுப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கத்திற்காக ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். மலாக்கா நகருக்கு வடமேற்கே, செங், குருபோங் ஆகிய பகுதிகளை அடுத்து அமைந்தது பாயா ரும்புட். மலாய்மொழியில் 'பாயா' என்பது சதுப்பு நிலத்தையும் 'ரும்புட்' என்பது புல்லையும் குறிக்கும். மலாயாவின் ரப்பர் வரலாற்றில் மலாக்காவிற்குத் தனி இடம் உண்டு. 1896இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிக நோக்கில் பயிரிட்டதே இந்நாட்டு ரப்பர்த் தோட்டத் தொழிலின் தொடக்கம் எனக் கொள்ளப்படுகின்றது. அம்மரங்களில் பால் வெட்டத் தமிழர் குடும்பங்கள் வந்தன. தோட்டங்களில் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. இன்று நகரை ஒட்டிய பகுதிகளில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. எஞ்சியவற்றில் செம்பனை வளர்கின்றது. இம்மாற்றத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை முதுமையடைந்துவிட்டது. இவ்வட்டாரத்து மாணவர் ஒருவர் தம் பாட்டியை வைத்து ஒரு படம் எடுக்க எண்ணுவது இயல்பே.

அத்தகைய படம் ஒன்றைக் கற்பித்துக்கொள்வோம். முன்பு பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்த மூதாட்டி ஒருவர், தாம் வாழ்ந்த தோட்டம் இருந்த இடத்தைப் பேரனுடன் பார்க்கச் செல்கின்றார். மாணவர்கள் ஆறு மணி நேரக் காட்சிகளைப் பதிவு செய்துள்ளனர். நொடிக்கு 25 சட்டகம் என்னும் கணக்கில் இது 5,40,000 சட்டகங்கள் ஆகும். ஒன்றரை நிமிட முன்னோட்டத்திற்கு வேண்டியவை 2,250 சட்டகங்கள். 240 சட்டகங்களில் ஒன்று மட்டுமே பிழைக்கும். எஞ்சிய 239ஐ எந்த அடிப்படையில் நீக்குவது என்பதுதான் தொகுப்பாளர் முன் நிற்கும் கேள்வி.

முன்னே ஓடுவதும் பின்னே வருவதும்

முன்னோட்டம் என்பது நயமான தமிழ்ச்சொல். ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் 'டிரெய்லர்' என்ற சொல்லோ, பின்னால் இழுபட்டு வருவது எனப் பொருள்படும். தொடக்கத்தில் இத்துண்டுகள் படம் முடிந்த பிறகு காட்டப்பட்டதே இப்பெயருக்குக் காரணம். நியூயார்க்கில் லோ திரையரங்குகளின் விளம்பரப் பொறுப்பாளராக இருந்த நில்ஸ் கிரான்லண்ட் 1913இல் ஒரு மேடை இசை நாடகத்திற்காகத் தயாரித்த துண்டுப்படமே முதல் முன்னோட்டம் எனப் பலரும் குறிப்பிடுவர். படம் முடிந்ததும் பார்வையாளர் எழுந்து போய்விடுவதைக் கண்ட பின்னரே அது முன்னே வந்தது. பெயரை மட்டும் ஆங்கிலம் மாற்றிக்கொள்ளவில்லை.

முன்னோட்டம் என்றால் படத்தின் சிறந்த காட்சிகளைப் பொறுக்கிக் கோப்பது என மாணவர் பலர் கருதுகின்றனர். இஃது ஒரு முறை மட்டுமே. ஆர்சன் வெல்ஸ் தம் 'சிட்டிசன் கேன்' படத்திற்கு (1941) அமைத்த முன்னோட்டம், அதற்கென்றே தனியாக எடுக்கப்பட்ட காட்சிகளால் ஆனது. வெல்ஸின் குரல் கேட்கும். அவர் முகம் தெரியாது. ஹிட்ச்காக்கோ 'சைக்கோ' படத்தின் (1960) முன்னோட்டத்தில் தாமே படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு ஆறு நிமிடத்திற்கும் மேலாக நடக்கின்றார். மாணவர்களுக்கு இவ்விரண்டும் பெரிய ஆறுதல். நல்ல காட்சிகள் போதவில்லை என்றால், முன்னோட்டத்திற்கென்று அரை நாள் மீண்டும் பாயா ரும்புட் சென்று ஒரே ஒரு காட்சியை எடுத்து வரலாம். பால்வெட்டு உளி பட்டையில் சரிவாக இறங்க, வெட்டிய கோட்டில் பால் கசிந்து மங்கை நோக்கி வழிவதை ஒரு நிமிடம் வெட்டின்றிக் காட்டும் முன்னோட்டத்தை எவரும் பாதியில் நிறுத்தமாட்டார் என்பது எம் நம்பிக்கை.

மூன்று வாக்கியங்கள்

பொறுக்கிக் கோக்கும் முறையையே மேற்கொள்வோமாயின், தொகுப்பின் ஆற்றலும் ஆபத்தும் எங்குள்ளன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். மூதாட்டி கேமராவின் முன் இவ்வாறு பேசுகின்றார் எனக் கொள்வோம்: "தோட்டத்த வித்துட்டாங்க, போகச் சொன்னாங்க. போனோம். பிள்ளைங்க படிச்சி ஆளாயிட்டாங்க."

தொகுப்பாளர் ஒருவர் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்து, அதன்மீது இடிக்கப்பட்ட லயத்துச் சுவரைக் காட்டி, வயலின் இசையைச் சேர்க்கின்றார். பார்ப்போர் கண் கலங்குவர். மற்றொருவர் மூன்றாம் வாக்கியத்தை மட்டும் எடுத்துப் பேரன் பட்டமளிப்பு உடையில் நிற்கும் படத்தோடு இணைக்கின்றார். பார்ப்போர் மகிழ்வர். இரண்டும் பொய் அல்ல; எனினும் இரண்டிலும் மூதாட்டி இல்லை. அவர் இருப்பது நடுவில் உள்ள "போனோம்" என்ற ஒற்றைச் சொல்லில். அச்சொல்லைக் கூறுவதற்கு முன் அவர் சற்று நிறுத்தியிருப்பார். அந்நிறுத்தத்தை 'வெற்றிடம்' எனக் கருதி வெட்டி எறிவதே தொடக்கநிலைத் தொகுப்பாளர் முதலில் செய்யும் காரியம். ஐம்பது சட்டகம் மிச்சம் என அவர் மகிழ்வார். அவ்வைம்பது சட்டகங்களே, அதாவது அவ்விரண்டு நொடிகளே, படத்தின் பொருள்.

ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனை திரைக்கலை மாணவர் அனைவரும் அறிந்ததே. உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்கு அருகில் வைத்தபோது, பார்வையாளர் அம்முகத்தில் பசியையும் துயரையும் தாமே ஏற்றிப் பார்த்தனர். முன்னோட்டத்தில் இவ்விளைவு பன்மடங்காகும். ஏனெனில் அங்கு முகத்திற்கு முன்னும் பின்னும் கதை இல்லை. மூதாட்டியின் முகத்தை அடுத்து மண்வாரி இயந்திரம் வந்தால் அவர் அதற்கு அஞ்சுகின்றார் எனப் பொருள்படும். உண்மையில் அவர் அந்நேரம் தம் பழைய வீட்டின் வாசற்படி எங்கிருந்தது எனத் தேடிக்கொண்டிருந்திருக்கலாம். அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், ஒரு வெட்டு எங்கு விழவேண்டும் என்பதற்கு ஆறு அளவுகோல்களை வகுத்து, அவற்றுள் உணர்ச்சிக்கு 51 விழுக்காடும் கதைக்கு 23 விழுக்காடும் தாளத்திற்கு 10 விழுக்காடும் தருகின்றார். நம் மாணவர் முன்னோட்டங்களில் இவ்வரிசை தலைகீழாகி, தாளமே முதலிடம் பெற்றுவிடுகின்றது. இசைத்தடத்தை முதலில் இட்டு, முழவு அடிக்கும் இடங்களிலெல்லாம் வெட்டு விழச் செய்வது எளிது என்பதே இதற்குக் காரணம்.

வேறொரு சிக்கலும் உண்டு. முன்னோட்டத்தில் விளைவுக்கு இடமுண்டு, காரணத்திற்கு இடமில்லை. 2015இல் திரைக்கு வந்த ஷாஞ்சை குமார் பெருமாளின் 'ஜகாட்' படத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். தீயது எனப் பொருள்படும் மலாய்ச் சொல் நம்மவர் நாவில் பெற்ற வடிவமே அத்தலைப்பு. தோட்டங்கள் சிதைந்து மக்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த பின், 1990களின் தொடக்கத்தில் வளரும் ஒரு சிறுவனின் கதை அது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய்மொழி அல்லாத படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கியது குறித்து எழுந்த விவாதத்திற்குப் பின், சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதை அது வென்றது. குண்டர் கும்பல் அப்படத்தில் உண்டு. ஆனால் ஒரு சிறுவன் அங்குச் சென்று சேரும் வழியைப் படம் நிதானமாகக் காட்டுகின்றது. அவ்வழியை விட்டுவிட்டுக் கத்தியை மட்டும் காட்டும் முன்னோட்டங்களை மாணவர்கள் செய்யும்போது, அவர்கள் எதிர்க்க விரும்பிய பழிச்சொல்லையே தம் இனத்தின்மீது மீண்டும் எழுதிவிடுகின்றனர். தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) வேறு வழியைக் காட்டியது. 1960களின் ரப்பர்த் தோட்டத்தில் படிக்க விரும்பும் ஒரு பெண்ணின் கதையான அதில் அவசரம் இல்லை. தோட்டத்தைப் படமாக்குவோர் அதன் வேகத்தைக் கற்பது நலம்.

ஒலி

காட்சிக்குக் கொடுக்கும் உழைப்பில் பாதியைக்கூட மாணவர்கள் ஒலிக்குக் கொடுப்பதில்லை. விடியற்காலைத் தோட்டம் இருள். அங்குக் கண்ணைவிடக் காதுக்கே வேலை. பொழுது ஏறுமுன் மரத்தில் பால் ஓட்டம் மிகுதி என்பதால் தலைவிளக்கோடு வெட்டப் போவர். உளி பட்டையைச் சீவும் ஒலி, காலடியில் சருகு நொறுங்கும் ஒலி, கொசு, தொலைவில் மோட்டார் சைக்கிள், காய்ந்த ரப்பர்க் காய் வெயிலில் வெடித்துக் கொட்டை சிதறும் ஒலி ஆகியவை முன்னோட்டத்திற்குக் கிடைத்த இசைக்கருவிகள். காய் வெடிக்கும் ஒலியைக் கேட்டு வளர்ந்தவர் அதனைத் திரையில் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். முழவுக்குப் பதில் அதனையே வெட்டுக்குத் தாளமாக அமைக்கலாம்.

இரண்டு தொகுப்பு முறைகளை இங்கு விளக்கவேண்டும். அடுத்த காட்சியின் ஒலியை அக்காட்சி தோன்றுமுன்னரே தொடங்கிவிடுவது ஒரு முறை. ஒரு காட்சி மறைந்த பின்னும் அதன் ஒலியை அடுத்த காட்சியின்மீது நீளவிடுவது மற்றொன்று. ஒலித்தடமும் காட்சித்தடமும் டைம்லைன் எனப்படும் காலக்கோட்டில் பெறும் உருவத்தைக் கொண்டு இவற்றை 'ஜே வெட்டு', 'எல் வெட்டு' என்பர். புதிய வீடமைப்புப் பகுதியின் தார்ச்சாலை திரையில் இருக்கும்போதே உளி சீவும் ஒலி கேட்கத் தொடங்கினால், அச்சாலைக்கு அடியில் ஒரு தோட்டம் இருந்தது என்பதை ஒரு சொல்லும் இன்றி உணர்த்திவிடலாம். விளக்கவுரை எழுதும் தேவை அங்கு ஒழிகின்றது.

இசையைப் பற்றி ஒன்று கூறவேண்டும். தொகுக்கும்போது தற்காலிகமாகப் புகழ்பெற்ற திரையிசை ஒன்றை இட்டுக்கொள்வது வழக்கம். இரண்டு வாரம் அதனையே கேட்டுப் பழகிய காது பின்னர் வேறெந்த இசையையும் ஏற்காது. இறுதியில் அவ்விசையே தங்கிவிடும். வகுப்பறைப் பயிற்சி என்ற அளவில் அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் முன்னோட்டம் பொதுவெளிக்கு வரும்போது 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். இசை உரிமையாளர் முறையிட்டால் முன்னோட்டம் நீக்கப்படும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கும் இளைஞர்களைக் கேட்டு, அவர்கள் இசைவுடன் பதிவு செய்துகொள்வது இதைவிடச் சிறந்த வழி.

ஒலியின் உரப்பும் கவனிக்கத்தக்கது. முன்னோட்டங்கள் காதைத் துளைக்கின்றன என்ற முறையீடு பழையது. அதன் விளைவாகவே அமெரிக்காவில் 1990களின் இறுதியில் திரையரங்கு முன்னோட்டங்களின் உரப்புக்கு ஒரு வரம்பு வகுக்கப்பட்டது. நம் மாணவர் தொகுத்ததைக் காதுக்கருவியில் கேட்டபின் மலிவான கைப்பேசி ஒன்றின் ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பார்க்கவேண்டும். தாழ்ந்த சுருதி ஒலிகள் அதில் கேட்கமாட்டா. மூதாட்டியின் பேச்சு இசைக்கு அடியில் புதைந்திருந்தால் அங்கு உடனே தெரிந்துவிடும்.

நிறமும் எழுத்தும்

ரப்பர் மரநிழலில் எடுத்த காட்சிகளில் இலைகளின் பச்சை முகத்தின்மீது படியும். நிறச் சீரமைப்பில் முதல் வேலை அப்பச்சையைக் குறைத்து மேனியின் உண்மை நிறத்தை மீட்பதே. இங்குதான் ஒரு பழக்கம் தலையிடுகின்றது. மீட்பதோடு நில்லாமல் முகத்தை வெளுக்கச் செய்துவிடுகின்றனர். வணிகப் படங்களைப் பார்த்துப் பழகிய கண் கருமையைப் 'பிழை' எனக் கொள்கின்றது. வெயிலில் உழைத்தவரின் முகம் கருமையாகத்தான் இருக்கும். அதனை இருண்டு போகாமல் காட்டுவது ஒளியமைப்பின் கடமை, வெளுப்பது அன்று. விடியலுக்கு முன் எடுத்த காட்சிகளின் இருளை மிகையாக ஒளியேற்றினால் படம் முழுதும் புள்ளிகள் தோன்றும். அக்காட்சி இருளாகவே இருக்கட்டும். தலைவிளக்கின் ஒளிவட்டம் போதும்.

திரையடி எழுத்துகள் நம் நாட்டில் தவிர்க்க இயலாதவை. தேர்வாளருள் தமிழ் அறியாதார் இருப்பர். மலாய், சீன நண்பர்களும் பார்ப்பர். ஒரு திரையில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. ஒரு நொடிக்கும் குறைவாக எந்த வரியும் நிற்கக்கூடாது. வேகமான முன்னோட்டத்தில் இவ்விரண்டு விதிகளையும் கடைப்பிடிப்பது கடினம். எழுத்தைப் படிப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால், முக்கியமான முகம் தோன்றும் நொடியில் எழுத்தின்றி விடுவதே நன்று.

மொழிபெயர்ப்பில் ஒரு சுவையான செய்தி உண்டு. தோட்டத்து மக்கள் ரப்பரைக் 'கித்தா' என்பர். மலாய்மொழியின் 'கெத்தா' என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது. சிற்றூரைக் குறிக்கும் 'கம்பம்' என்பதும் 'கம்போங்' என்பதன் திரிபே. மலாயில் எழுத்திடும்போது இச்சொற்கள் தம் தாய்வீட்டிற்குத் திரும்புகின்றன. ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு', மேற்பார்வையாளராகிய 'தண்டல்', எழுத்தராகிய 'கிராணி' ஆகியவற்றை என் செய்வது? இவற்றை விளக்க முற்பட்டால் எழுத்து நீளும். பொதுச்சொல்லால் பெயர்த்தால் தோட்டம் மறையும். எழுத்தில் அச்சொல்லையே இட்டு, காட்சியால் பொருள் விளங்கச் செய்வதே எம் பரிந்துரை. பெரட்டுக்கு மக்கள் வரிசையில் நிற்கும் பழைய நிழற்படம் ஒன்று இரண்டு நொடி தோன்றினால் போதும். பேசுவோரின் தமிழைத் திருத்தி, பின்குரலில் தூய தமிழில் மீண்டும் பதிவு செய்ததையும் நாம் கண்டதுண்டு. செந்தமிழ் இக்கட்டுரைக்குப் பொருந்தும். "போகச் சொன்னாங்க" என்பதை "வெளியேறுமாறு பணித்தனர்" என மாற்றினால் பேசியவர் வேறொருவர் ஆகிவிடுவார்.

இசைவும் கால அட்டவணையும்

திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்டுவதாயின் 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டம் முன்னோட்டத்தையும் கட்டுப்படுத்தும் என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ளவேண்டும். ஆயினும் சட்டத்திற்கு முந்திய ஓர் இசைவு உண்டு. மூதாட்டி படத்திற்காகப் பேச ஒப்புக்கொண்டார். தம் பேச்சின் நான்கு நொடி தனித்துப் பிரிக்கப்பட்டு, அவர் அறியாத மனிதரின் கைப்பேசியில் ஓடும் என்பதை அவர் அப்போது எண்ணியிருக்கமாட்டார். கையொப்பமிட்ட தாளில் 'விளம்பரப் பயன்பாடு' என ஒரு வரி இருப்பது நிறுவனத்திற்குப் போதும், பேரனுக்குப் போதாது.

ஆகவே தொகுப்புக் கால அட்டவணையில் இரண்டு நாள் ஒதுக்கவேண்டும். முதல் நாள், முன்னோட்டத்தை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு பாயா ரும்புட் சென்று அவருக்குப் போட்டுக் காட்டவேண்டும். இசை, நிறம் முதலியன முழுமை பெறுமுன் இதனைச் செய்வது நன்று. முழுமை பெற்ற பின் எதனையும் மாற்ற மனம் வராது. "பாட்டி, எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்குய்யா" என்பதே முதல் மறுமொழியாக இருக்கும். அதனை ஏற்றுக்கொண்டு எழுந்துவிடக்கூடாது. இரண்டாம் முறை ஓடவிட்டு, பேசாமல் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். "அந்தச் செவுரு எங்க லயம் இல்ல, அது ரெண்டாம் நம்பர் லயம்" என்று அப்போதுதான் அவர் சொல்வார். அல்லது, "நான் அழுகுறத எடுத்துடு" என்பார்.

இரண்டாம் நாள் அதற்கானது. அழும் காட்சியை எடுத்துவிட்டால் இசை சரியும். முடிவில் தலைப்புத் தோன்றும் இடம் ஆறு நொடி முந்தும். ஒலிக்கலவையை மீண்டும் திறக்கவேண்டிவரும். திறக்கத்தான் வேண்டும். அவ்வெற்றிடத்திற்கு என்ன வைப்பது எனத் தேடும் தொகுப்பாளர், முதல் வாரத்தில் வெட்டி எறிந்த கோப்புகளுக்குள் செல்வார். "போனோம்" என்பதற்கு முன் இருந்த அவ்விரண்டு நொடி அங்கேதான் கிடக்கின்றது.